கடன் வாங்கி வாங்கும் முதல் வேலை

தமிழில் ‘வாங்கு’ என்னும் வினை பல பொருள்களைச் சுமப்பது. கடையில் பொருள் வாங்குகிறோம்; வட்டிக்குக் கடன் வாங்குகிறோம்; தெரிந்தவர் ஒருவர் நம் பிள்ளைக்கு வேலை வாங்கித் தருகிறார்; முதலாளி தொழிலாளியிடம் வேலை வாங்குகிறார். அகராதி இவற்றுக்குத் தனித்தனி எண்ணிட்டுப் பிரித்துவிடும். ஆனால் மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் கடல் எண்ணெய் மேடைகளில் முதல் வேலை தேடும் தமிழ் இளைஞர்களின் பேச்சைக் கவனித்தால், இப்பொருள்கள் அனைத்தும் ஒரே வரிசையில் வந்து நிற்பதைக் காணலாம். முதலில் கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடனைக் கொண்டு வேலையை வாங்குகிறார்கள். பிறகு அவர்களிடம் வேலை வாங்கப்படுகிறது.

இதைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவோர் பெரும்பாலும் மோசடி என்ற ஒரே கோணத்தில்தான் பேசுகிறார்கள். போலி ஏஜென்ட், போலி நியமன ஆணை, ஏமாந்த குடும்பம், ‘விழிப்பாயிருங்கள்’ என்ற அறிவுரை. அந்த அறிவுரை தேவையானதே. ஆயினும் என் வாதம் வேறு. ஏமாற்றே இல்லாத இடத்திலும், அதாவது ஏஜென்ட் சொன்ன வேலை உண்மையாகவே கிடைத்துவிட்ட இடத்திலும், பணம் கொடுத்து வாங்கப்பட்ட முதல் வேலை ஆபத்தானது. வாங்கியவருக்கு மட்டுமன்று, அவரோடு அதே மேடையில் உறங்கும் அனைவருக்கும் ஆபத்தானது. ஏன் என்பதை விளக்க முயல்கிறேன்.

முதலில் களம். மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ‘சாகர் சாம்ராட்’ என்னும் துரப்பணக் கலம் 1974இல் எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கியது. பாம்பே ஹை எனப் பெயர்பெற்று இன்று மும்பை ஹை எனப்படும் அந்த வயல், ஓஎன்ஜிசியின் உயிர்நாடி. துளையிடும் ரிக்குகள், உற்பத்தி மேடைகள், பணியாளர் தங்கும் மிதவைகள், துணைக் கப்பல்கள் எனப் பலவகைக் கட்டமைப்புகள் அங்கே உள்ளன. கரையில் உள்ளவர்களின் பேச்சில் அவை அனைத்துமே ‘ரிக்’தான், ‘ரிக் வேலை’ என்றால் அதில் சமையற்கட்டும் அடங்கும், வெல்டிங்கும் அடங்கும்.

அந்த வேலைக்கான வாசல்கள் மும்பைத் தமிழரின் வாழிடங்களைப் போலவே வர்க்கவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. மாட்டுங்கா வழியாகச் செல்வது ஒன்று. 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் நிறுவனமும், 1933இல் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கி இன்று ஐ.சி.டி. எனப்படும் நிறுவனமும் அங்கே உள்ளன. அங்கோ அவற்றைப் போன்ற கல்லூரிகளிலோ படித்தவர் போட்டித் தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, ஓஎன்ஜிசியின் நிரந்தரப் பணியாளராகிறார். பாதுகாப்புப் பயிற்சியை நிறுவனமே தருகிறது. அதற்கென்றே கோவாவில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. அவர் பதினான்கு நாள் கடலில் இருக்கிறார், பதினான்கு நாள் கரையில் இருக்கிறார். முதல் வேலைக்கு அவர் கொடுத்த விலை படிப்பு மட்டுமே.

செம்பூர் வழி வேறு. 1950களில் மாகுல், டிராம்பே பகுதிகளில் எழுந்த இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் இன்று பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்னும் பொதுத்துறை நிறுவனங்களின் கையில் உள்ளன. மும்பை ஹையின் எண்ணெய் கடலடிக் குழாய்களில் உரண் கரையேறி, அங்கிருந்து டிராம்பேக்கு வருகிறது. அந்த ஆலைகளைச் சுற்றி வெல்டர், பிட்டர், ரிக்கர், பெயின்டர் எனக் கைத்தொழில் கற்ற ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்பும் அருகில்தான் உள்ளது. அங்கே தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். அந்த அகற்றலும் 1976இல்தான் நிகழ்ந்தது. கடலில் எண்ணெய் வரத்தொடங்கிய ஆண்டும் கரையில் அவர்கள் வீடிழந்த ஆண்டும் ஒன்றே.

தாராவி வழி இவை இரண்டிலும் நீளமானது, ஆனால் வரைபடத்தில் மிகக் குறுகியது. ஓஎன்ஜிசியின் ‘11 ஹை’ என்னும் அலுவலகக் கட்டடம் பாந்திரா–சயான் இணைப்புச் சாலையில் நிற்கிறது. அதன் அஞ்சல் குறியீட்டு எண் 400017. தாராவியின் எண்ணும் அதுவே. ஒரே தபால்காரரின் எல்லைக்குள் இருக்கும் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், ஆள்சேர்ப்பவர், பயிற்சி மையம், வட்டிக்கு விடுபவர் என ஐந்தாறு படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீள்கிறது.

அப்படிகளை ஏறத் தொடங்கும் இளைஞர் முதலில் சந்திப்பது ஒரு சுழல். ரிக்கில் வேலை வேண்டுமென்றால் ரிக்கில் வேலை செய்த அனுபவம் வேண்டும். அனுபவமில்லாதவர்க்கென்று இருப்பவை சில அடிநிலைப் பணிகளே: மேல்தளத்தில் சுமை கையாளும் ரவுஸ்டபவுட், சாரம் கட்டுவோரின் உதவியாள், பெயின்டரின் உதவியாள், சமையற்கட்டிலும் தங்குமறைகளிலும் பணிபுரியும் ஸ்டீவர்டு. ரவுஸ்டபவுட்டாக நுழைந்தவர் ஃப்ளோர்மேன், டெரிக்மேன், உதவி டிரில்லர், டிரில்லர் என ஏறி டூல்புஷர் ஆகும் வரை செல்ல முடியும் என்பது உண்மை. அந்த ஏணி இருப்பதால்தான் அதன் முதற்படிக்கு விலை வைக்க முடிகிறது.

அடுத்தது சான்றிதழ்கள். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஹெலிகாப்டரின் உட்பகுதியைப் போன்ற கூண்டில் பயிற்சியாளரை அமர்த்தி, வாரால் பிணைத்து, நீச்சல் தொட்டிக்குள் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். அவர் மூச்சடக்கி, சன்னலைத் தள்ளி, வாரைக் கழற்றி வெளியேற வேண்டும். ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் மேடைக்குப் பறப்பவர்க்கு இது தேவையற்ற சடங்கன்று. உயிர் காக்கும் கல்வி. இதனுடன் கடலில் உயிர்தரித்தல், தீயணைப்பு, முதலுதவி, மருத்துவத் தகுதி. கப்பல் சார்ந்த பணியானால் மாலுமிக்குரிய சி.டி.சி. புத்தகமும் வேண்டும்.

இவற்றின் தேவையில் எனக்கு ஐயமில்லை. இவற்றுக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. நிரந்தரப் பணியாளர்க்கு வேலை முதலில், பயிற்சி அடுத்து. தாராவி இளைஞர்க்குப் பயிற்சி முதலில், வேலை எப்போதோ. பன்னாட்டளவில் ஏற்கப்படும் ஓபிட்டோ அடிப்படைக் கடற்பாதுகாப்புச் சான்றிதழின் ஆயுள் நான்கு ஆண்டுகள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் சான்றிதழ் இறந்துவிடும், கடன் இறப்பதில்லை. ஆகவே சான்றிதழ் கையிலிருக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய பேரம் பேசும் வலிமை குறைகிறது. அப்போதுதான் ‘நான் ஏற்றிவிடுகிறேன்’ என்று ஒருவர் வருகிறார்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அவ்விளம்பரங்களின் மொழியை மொழியியல் மாணவர்கள் ஆராயலாம். கட்டணம் ‘வசூலிக்கப்படும்’, ஆவணங்கள் ‘சரிபார்க்கப்படும்’, தேர்வு ‘உறுதிசெய்யப்படும்’. எல்லாம் செயப்பாட்டு வினை. வசூலிப்பவர் யார், உறுதிசெய்பவர் யார் என்ற எழுவாய் எங்கும் இல்லை. பணம் கைமாறும் இடத்தில் எழுவாயை நீக்கிவிட்டால், பின்னர் வழக்கு மன்றத்திலும் அது கிடைப்பதில்லை.

சட்டம் இவ்விடத்தில் என்ன சொல்கிறது? மாலுமிகளைப் பொறுத்தவரை நிலை தெளிவானது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் ஆள்சேர்ப்பு விதிகளின்படி உரிமம் பெற்ற நிறுவனம் மாலுமியிடம் வேலைக்காகக் கட்டணம் பெறக் கூடாது. வளைகுடா நாடுகளின் ரிக்குகளுக்குச் செல்வோர்க்குக் குடிபெயர்வுச் சட்டம் உண்டு; உரிமம் பெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் அதன்மீதான வரிக்கும் மேல் பெறக் கூடாது. ஆனால் செம்பூரிலிருந்து கிளம்பி, ஓர் உள்நாட்டு ஒப்பந்தக்காரரின் பெயர்ப்பட்டியலில், இந்தியக் கடற்பகுதியிலுள்ள மேடைக்குச் செல்லும் வெல்டர் மாலுமியும் அல்லர், குடிபெயர்பவரும் அல்லர். மாலுமிக்குக் கிடைக்கும் அந்தத் தெளிவான தடை அவருக்கு அதே தெளிவுடன் கிடைப்பதில்லை. துபாய்க்குச் செல்பவரின் கடனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 160 கிலோமீட்டர் செல்பவரின் கடனுக்கு அதுகூட இல்லை.

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கடல் எண்ணெய்த் தொழிலின் பாதுகாப்புக் கொள்கைகளில் இன்று ஒரு கருத்து பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆபத்து என்று ஐயுறும் எந்தப் பணியாளரும், அவர் எந்த நிலையில் இருப்பினும், வேலையை நிறுத்தச் சொல்லலாம். ரவுஸ்டபவுட் சொன்னாலும் கிரேன் நிற்க வேண்டும். சுவரொட்டிகளில் இது எழுதப்பட்டிருக்கும். பணி தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து மொழியியலார் அனைவரும் கற்றது ஒன்று. சில கூற்றுகள் உலகை விவரிப்பவை அல்ல; உலகில் ஒன்றைச் செய்பவை. ஆனால் அவை செயலாவதற்குச் சில நிலைகள் பொருந்த வேண்டும். தீர்ப்பு வழங்க நீதிபதி வேண்டும். வழிப்போக்கர் அதே சொற்களைச் சொன்னால் ஒன்றும் நிகழாது. ‘நிறுத்து’ என்பதும் அத்தகைய கூற்றே. சுவரொட்டி அனைவர்க்கும் அந்த உரிமையை வழங்கிவிட்டது. ஆனால் சொல்லிவிட்டுப் பிழைத்திருக்கும் நிலை அனைவர்க்கும் உண்டா? நிரந்தரப் பணியாளர் சொல்லி, அது தேவையற்ற நிறுத்தம் என்று தெரியவந்தால், அவருக்குக் கிடைப்பது ஒரு முணுமுணுப்பு. வட்டிக்கடன் வாங்கி முதல் முறையாக மேடையேறியவர் சொன்னால், அடுத்த சுற்றுக்கு அவர் பெயர் பட்டியலில் இல்லாமற் போகலாம். பணிநீக்க ஆணைகூடத் தேவையில்லை. தொலைபேசி அழைப்பு வராமலிருந்தால் போதும். ஏற்றிவிட்டவரே இறக்கியும் விடலாம். எனவே அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதில்லை. கடன் அவருடைய வருமானத்தை மட்டுமன்றி அவருடைய ஒரு வினைச்சொல்லையும் எடுத்துக்கொள்கிறது.

இது மிகைக் கற்பனை என்று தோன்றினால் பைப்பர் ஆல்ஃபாவை நினைவூட்டுவேன். 1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் அந்த மேடை எரிந்தது. 167 பேர் இறந்தனர். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அதைக் கழற்றியவர்கள் ஒப்பந்த நிறுவனத்தினர். அந்த வேலை முடியவில்லை என்ற செய்தி ஓர் அனுமதிச் சீட்டில் இருந்தது. இரவுப் பணிக்கு வந்தவர்களிடம் அச்செய்தி சென்று சேரவில்லை. அவர்கள் பம்பை இயக்கினர். இதுவே ஒரு தகவல் தொடர்பின் முறிவு. ஆனால் அதனினும் என்னை உறுத்துவது அதன்பின் நடந்தது. பைப்பர் எரிவது கண்ணுக்குத் தெரிந்த பின்னும், அதனுடன் குழாயால் இணைக்கப்பட்டிருந்த கிளேமோர், டார்ட்டன் மேடைகளிலிருந்து எண்ணெயும் வாயுவும் வந்துகொண்டிருந்தன. உற்பத்தியை உடனே நிறுத்தும் முடிவை எடுக்கப் பொறுப்பாளர்கள் தயங்கினர். மேடையின் உச்சப் பதவியில் இருந்தவர்களுக்கே ‘நிறுத்து’ என்ற சொல் எளிதாக வரவில்லை. கல்லன் பிரபுவின் விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. தொழிலின் பாதுகாப்பு முறைமையே மாறியது. மேலாளர்க்கே அரிதான சொல்லை, கடனோடு வந்த புதியவரிடம் சுவரொட்டி ஒட்டிப் பெற்றுவிட முடியும் என்று நாம் எப்படி நம்புகிறோம்?

மும்பைக்கும் தன் நினைவுகள் உண்டு. 2005 ஜூலை 26இன் பெருமழையை இந்நகரில் யாரும் மறக்கவில்லை. மறுநாள், ஜூலை 27 அன்று, மும்பை ஹை வடக்கு மேடை எரிந்ததைப் பலர் மறந்துவிட்டனர். துணைக் கப்பலில் கையில் காயம்பட்ட சமையற் பணியாளர் ஒருவரை மேடைக்கு மாற்ற முயன்றபோது, கப்பல் மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. 22 பேர் உயிரிழந்தனர். படிநிலையின் அடியில் இருக்கும் சமையற்கட்டின் விபத்தும் அந்த மாபெரும் அமைப்பும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 2021 மே 17 அன்று டவ்தே புயலில், ஹீரா எண்ணெய் வயலருகே பி305 என்னும் தங்குமிதவை மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். புயல் எச்சரிக்கையும் நங்கூரமும் கலத்தலைவரின் முடிவும் விசாரணைகளில் பேசப்பட்டன. மிதவையில் இருந்த வெல்டருக்கோ உதவியாளுக்கோ ‘எங்களைக் கரைக்குக் கொண்டுசெல்லுங்கள்’ என்று சொல்ல வழி இருந்ததா என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ‘படிப்புக்கும்தான் கடன் வாங்குகிறோம், இதுவும் ஒரு முதலீடு’ என்பது முதலாவது. பட்டம் நான்காண்டில் காலாவதியாவதில்லை; பட்டத்தை வழங்கியவர் அடுத்த மாதம் அதைத் திரும்பப் பெறுவதுமில்லை. வாங்கிய வேலையை எவரிடமிருந்து வாங்கினோமோ அவரே பறிக்கவும் முடியும். ‘கடனுள்ளவர் கவனமாக வேலை செய்வார்’ என்பது இரண்டாவது. வேலையை இழக்காமலிருப்பதில் அவர் கவனமாயிருப்பார். அது வேலையைக் கவனமாகச் செய்வதன்று. பல நேரங்களில் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ‘பயிற்றுவித்த ஆள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் ஒப்பந்தக்காரர்க்கு நட்டமல்லவா’ என்பது மூன்றாவது; மூன்றிலும் வலுவானது இதுவே. ஆனால் இந்தச் சான்றிதழ்கள் தொழில்துறை முழுமைக்கும் பொதுவானவை. இன்று ஒருவர் பயிற்றுவித்தவரை நாளை மற்றவர் பெறுவார். அவர் பயிற்றுவித்தவரை இவர் பெறுவார். அந்தப் பொதுச் செலவைப் பொதுவில் ஏற்க வேண்டியவர் எண்ணெயின் உரிமையாளரும் அவருடைய ஒப்பந்தக்காரர்களுமே. நார்வேயில் இரண்டாண்டுப் பள்ளிக்கல்வி, இரண்டாண்டு ஊதியத்துடன் கூடிய தொழிற்பழகுநர் பணி என்னும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அங்குக் கடல் எண்ணெய் நிறுவனங்களும் பழகுநர்களை ஏற்கின்றன.

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் அதன்கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகளும், முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளரையும் கணக்கிட்டு, மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை ஏற்க வேண்டும் என்கின்றன. கரையிலுள்ள பணிமனைகளுக்கு மட்டுமன்றிக் கடல் ஒப்பந்தங்களின் கடைசிக் கண்ணி வரை இதைக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாவதாக, ஒப்பந்தப்புள்ளியிலேயே ஒரு விதி வேண்டும்: தொழிலாளியிடம் எவரும் எப்பெயரிலும் பணம் பெற்றிருந்தால், முதன்மை ஒப்பந்தக்காரர் அதைத் தொழிலாளிக்குத் திருப்பித்தர வேண்டும். மூன்றாவதாக, பயிற்சியின் மொழி. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பையன் ‘பெர்மிட்’, ‘மஸ்டர்’ என்ற சொற்களை ஒரே நாளில் கற்றுக்கொள்வான். அச்சொற்களின் பின்னுள்ள காரணத்தை அவன் சிந்திக்கும் மொழியில் யாரும் சொல்வதில்லை. கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகளில், ரிக்குக்கு நேரான தூய தமிழ்ச்சொல் எது என்பதைவிட, எரிவாயுக் கசிவை ஒரு புதியவருக்கு மூன்று வாக்கியங்களில் விளக்குவது எப்படி என்பது முதன்மை பெற வேண்டும்.

ஆய்வாள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புலம்பெயர் உழைப்பு, மொழி, பாதுகாப்பு ஆகியவை பற்றிக் களஆய்வு செய்யும்போது நம் வினாநிரல்களில் ஊர், சாதி, கல்வி, ஊதியம் எல்லாம் இடம்பெறுகின்றன. ‘இந்த வேலைக்குள் நுழைய எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் கடன் எவ்வளவு, இன்னும் எவ்வளவு பாக்கி’ என்ற கேள்வியையும் சேருங்கள். விபத்து விசாரணைக் குழுக்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். வால்வின் நிலையும் காற்றின் வேகமும் அறிக்கையில் பதிவாவதுபோல, அன்று மேடையில் இருந்தவர்களின் கடன் பாக்கியும் அதில் பதிவாகட்டும். யாரால் ‘நிறுத்து’ என்று சொல்லியிருக்க முடியும், யாரால் முடியாது என்பது அந்தப் பத்தியில்தான் தெரியும்.